ககனேந்திரநாத்தின் மாடிப்படிகள்

ககனேந்திரநாத் தாகூரின் ஓவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை மாடிப்படிகள். கறுத்த சுவர்களுக்கு நடுவே ஏறிப் போகும். எந்த வாசலில் முடிகிறது என்று தெரியாது. எங்கிருந்தோ வெளிச்சம் முக்கோணமாக வந்து விழும். வீட்டுக்குள் நிற்கிறோமா, வெளியிலா என்பதும் பிடிபடாது.

1867இல் கல்கத்தாவில், தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தவர். ரவீந்திரநாத் இவருக்குச் சித்தப்பா முறை. 1917இல் ‘அத்புத் லோக்’ கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். க்யூபிசத்தின் பக்கம் திரும்பும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஐரோப்பிய ஓவியர்கள் பால் க்ளே, காண்டின்ஸ்கி படைப்புகள் காட்சிக்கு வந்தபோது இவர் ஓவியங்களும் அங்கே இருந்தன.

இவரை நினைத்தாலே எனக்கு என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஞாபகம் வந்துவிடுகிறது. மேட்டூர் அணைக்குள் மூழ்கிய ஊர்களில் ஒன்று அவருடையது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் முதலில் கிறிஸ்தவ ஆலயக் கோபுரம் தலைகாட்டும். இன்னும் வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. கரையில் நின்று கைநீட்டுவார். “அதா கன்னு, அங்கதான் எங்க வாசல். திண்ணையில உக்காந்தா கோயில் தெரியும். கொல்லப்பக்கம் கட்டுத்தாரி. மச்சுல ஏறுனா காவேரி.” வாசல், கொல்லை, மச்சு எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் நின்றுவிட்டு வருவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான். ஆனாலும் அந்த வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து வந்தது போலவே இருக்கும்.

க்யூபிசத்தைத் தொடங்கிய பிக்காசோவும் பிராக்கும் கிட்டாரையும் வயலினையும் பழுப்பு, சாம்பல் நிறங்களில் பிரித்துப் போட்டார்கள். ஒரு பொருளை எல்லாப் பக்கமிருந்தும் அறிந்துவிடும் வேகம் அது. ககனேந்திரநாத் சித்தப்பாவின் நாடகங்களுக்கு அரங்கம் அமைத்தவர். திரையும் விளக்கும் என்னென்ன செய்யும் என்று தெரிந்தவர். அவர் சிதறடித்தது வெளிச்சத்தை. அதனால் அவர் வீடுகளில் யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றும். ஆங்கிலேயக் கலை விமர்சகர் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் 1959இல் எழுதிய நூலில் இந்த ஓவியங்களைப் பாரிஸ் பாணியின் பலவீனமான நகலாகத் தள்ளிவைத்தார். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்கவே முடியவில்லை. கோணங்களை மட்டும் எண்ணிப் பார்த்த கண் அது. படிகளில் ஏறிப் பார்க்கவில்லை.

1930இல் பக்கவாதம் வந்து ககனேந்திரநாத்தின் கை ஓய்ந்தது. மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934இல். அதற்குப் பிறகும் ககனேந்திரநாத் மூன்றரை ஆண்டுகள் இருந்தார். தில்லி தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் அவர் ஓவியம் எதையாவது தேடிப் பாருங்கள். பிக்காசோவோடு ஒப்பிடுவதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அதன் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள்.