கேஜன் நாட்டுக்கு மூன்று நாட் பயணம்

அமெரிக்காவின் தென்பகுதியில் மெக்சிக்கோ வளைகுடாவை அண்டி அமைந்துள்ள மாநிலம் லூசியானா. அதன் தென்பகுதியில் ஒரு பெரும் நிலப்பரப்பைக் ‘கேஜன் நாடு’ என்று அழைக்கின்றார்கள். பெயரில் நாடு என்று இருந்தாலும் அது தனிநாடு அல்ல. சதுப்பு நிலமும் நெல்வயலும் மெதுவாக ஊரும் சிற்றாறுகளும் கொண்ட ஒரு பிரதேசம். அங்கு வாழும் கேஜன் மக்கள், ஏறத்தாழ இருநூற்று அறுபது வருடங்களுக்கு முன் அகதிகளாக வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள்.

வருகின்ற மார்ச் மாதம் ஹூஸ்டன் நகரில் வசிக்கும் மச்சாள் வீட்டுக்கு நானும் கணவரும் போக இருக்கின்றோம். அங்கிருந்து மூன்று நாட்களை எங்கள் இருவருக்கும் என்று ஒதுக்கிக் கேஜன் நாட்டைப் பார்த்து வருவதென்று முடிவு செய்தோம். எமது பெண்களுக்குப் பயணம் என்றால் பெரும்பாலும் கோயிலுக்கு, வைத்தியசாலைக்கு, கச்சேரிக்கு என்றே அமைந்துவிடுகின்றது. எங்களில் பலர் நடந்த நீண்ட பயணங்களோ ஷெல்லுக்குப் பயந்து நடந்தவை. நாமே நாள் குறித்து, நாமே வழி தெரிந்தெடுத்துப் போகும் பயணம் என்பது வேறு. ஆகவே திட்டமிடுவதில் இருந்தே அதனை அனுபவிக்க விரும்பினேன்.

திட்டமிடலில் இருவருக்கும் முதலில் ஒத்துவரவில்லை. கணவருக்குச் சாப்பாடும் பாட்டும் படகும் வேண்டும். நான் குறித்து வைத்திருந்ததோ நினைவாலயமும் பழைய குடியிருப்பும்.

“லீவிலையும் அகதிமுகாம் பாக்கவே போறீர்?” என்று கேட்டார்.

“அகதிமுகாம் இல்லையப்பா, அகதியள் கட்டின ஊர்” என்றேன்.

இறுதியில் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். துயரமான இடத்தை நடுவில் வைத்து, மகிழ்ச்சியானதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதுவும் நல்லதாகவே பட்டது.

யார் இந்த மக்கள்?

இன்று கனடாவின் நோவாஸ்கோஷியா என்று அழைக்கப்படும் பகுதி ஒருகாலத்தில் ‘அக்கேடியா’ என்று பெயர் பெற்றிருந்தது. 1600களில் பிரான்சில் இருந்து வந்து குடியேறிய உழவர்கள் கடல்நீரை அணை கட்டித் தடுத்து, உவர் நிலத்தை விளைநிலம் ஆக்கினார்கள். 1713 இல் அந்நிலம் பிரித்தானியரின் கைக்குப் போனது. பிரான்சுடன் போர் மூளும் நிலை வந்தபோது, தமக்கு நிபந்தனையின்றி விசுவாசப் பிரமாணம் செய்யும்படி பிரித்தானியர் வற்புறுத்தினார்கள். அக்கேடியர் மறுத்தார்கள்.

1755 செப்ரெம்பர் 5 ஆம் திகதி, கிராண்ட் பிரே என்ற ஊரின் தேவாலயத்துக்கு ஆண்களும் பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களும் அழைக்கப்பட்டனர். 418 பேர் வந்தார்கள். கதவுகள் பூட்டப்பட்டன. நிலமும் கால்நடையும் அரசுக்குச் சொந்தம், கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏற வேண்டும் என்ற கட்டளை வாசிக்கப்பட்டது. திரும்பி வரக்கூடாது என்பதற்காக வீடுகள் எரிக்கப்பட்டன. 1763 வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு நாடு கடத்தப்பட்டனர். குடும்பங்கள் வெவ்வேறு கப்பல்களில் பிரிந்து போயின. நோயிலும் கடலிலும் பலர் மாண்டனர்.

எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் 1765 இல் ஜோசப் புரூசார்ட் என்பவரின் தலைமையில் லூசியானா வந்து சேர்ந்தனர். 1785 இல் பிரான்சில் இருந்து ஏழு கப்பல்களில் மேலும் ஏறத்தாழ 1,600 பேர் வந்தனர். ‘அக்கேடியன்’ என்ற சொல் வாய்வழக்கில் திரிந்து ‘கேஜன்’ ஆயிற்று.

முதல் நாள்: லாபயெட்

ஹூஸ்டனில் இருந்து லாபயெட் நகரம் ஏறக்குறைய 350 கிலோமீற்றர். வியாழக்கிழமை அதிகாலை புறப்பட்டால் மதியத்துக்கு முன் போய்விடலாம். மற்ற இடங்கள் எல்லாம் லாபயெட்டுக்குக் கிட்ட இருப்பதால் இரு இரவும் அங்கேயே தங்குவது என்று முடிவு. பெட்டியைக் கட்டிக் கட்டி அவிழ்க்கத் தேவையில்லை. கார் ஓட்டுவது அவர், வரைபடம் என் கையில். அங்கு வீதியின் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பதால், அவருக்கு ஞாபகப்படுத்தும் வேலையும் எனக்கு உண்டு.

அன்று பார்க்க இருப்பது வெர்மிலியன்வில் என்ற திறந்தவெளிக் குடியிருப்பு. பழைய காலத்து மரவீடுகளை ஓரிடத்தில் சேர்த்து, அக்கால வேலைகளைச் செய்து காட்டுகின்றார்கள். என்னை ஈர்த்தது நெசவு. கேஜன் பெண்கள் இயற்கையிலேயே கபில நிறமான ஒருவகைப் பருத்தியைப் பயிரிட்டு, இராட்டையில் நூற்றுத் தறியில் நெய்தார்கள். மகளின் கல்யாணத்துக்கென்று தாய் போர்வைகள் நெய்து சேர்த்து வைப்பது அவர்களின் வழக்கம். இக்கலையை அழியவிடாமல் காத்த கிளாடிஸ் லெப்ளாங் கிளார்க் என்ற பெண்மணிக்கு 1997 இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருது வழங்கப்பட்டது. வீட்டுத் தேவைக்கென்று பெண்கள் செய்த வேலை, கடைசியில் ஓர் இனத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டது.

இரண்டாம் நாள்: சென்ற் மார்ட்டின்வில்

லாபயெட்டில் இருந்து ஏறக்குறைய 25 கிலோமீற்றர். பயூ டெஷ் என்ற சிற்றாற்றின் கரையில் உள்ள சிறிய ஊர். இங்கு அருகருகே இரு விடயங்கள் உள்ளன. இந்தப் பயணத்தை நான் விரும்பியதே இந்த இரண்டுக்காகத்தான்.

ஒன்று, தேவாலய வளவில் உள்ள எவாஞ்சலின் என்ற பெண்ணின் சிலை. எவாஞ்சலின் உண்மையில் வாழ்ந்தவள் அல்ல. லோங்ஃபெலோ என்ற அமெரிக்கக் கவிஞர் 1847 இல் எழுதிய காவியத்தின் நாயகி. நாடு கடத்தலின்போது பிரிந்துபோன காதலனை வாழ்நாள் முழுவதும் தேடி அலைந்து, முதுமையில் அவனை மரணப் படுக்கையில் காண்கின்றாள். இக்கதை 1929 இல் திரைப்படமானபோது அதில் நடித்த டொலரெஸ் டெல் ரியோ என்ற நடிகையின் சாயலிலேயே இச்சிலை செய்யப்பட்டது. ஆற்றங்கரையில் அவள் பெயரால் ஓர் ஓக் மரமும் நிற்கின்றது.

மற்றது, அதே ஊரில் உள்ள அக்கேடியர் நினைவாலயம். லூசியானாவுக்கு வந்து சேர்ந்த ஏறத்தாழ 3,000 அகதிகளின் பெயர்கள் அதன் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அணையா விளக்கொன்று எரிகின்றது. வந்திறங்கிய குடும்பங்களை ரொபேர்ட் டாபோர்ட் என்ற ஓவியர் பெரிய சுவரோவியமாகத் தீட்டியிருக்கின்றார்.

காணாமற் போனவரைத் தேடும் பெண்களுடன் வேலை செய்பவள் என்ற வகையில், இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க விரும்புகின்றேன். காத்திருக்கும் பெண்ணைச் சிலையாக்கிக் கொண்டாடுவது உலகத்துக்கு எளிது. ஆனால் அவள் சமைத்தது, நூற்றது, பிள்ளை வளர்த்தது எதுவும் சிலையில் தெரிவதில்லை. சுவரில் பெயராக இருக்கும் பெண்கள்தான் உண்மையில் பிரிந்தவர்கள், தேடியவர்கள், அதேவேளை அடுப்பையும் மூட்டியவர்கள். தேடிக்கொண்டே வாழ்வதும் வாழ்ந்துகொண்டே தேடுவதும் துரோகமல்ல என்று எமது சகோதரிகளுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கின்றேன். அந்தச் சுவரும் அதையே சொல்கின்றது.

இன்னுமொன்று. லாபயெட்டைச் சேர்ந்த வொரன் பெரின் என்ற சட்டத்தரணி, நடந்த அநீதியைப் பிரித்தானிய முடி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 1990 இல் மனுவொன்றை முன்வைத்தார். 2003 டிசெம்பரில் எலிசபெத் மகாராணியின் பெயரில் பிரகடனம் வெளியானது. துன்பம் நிகழ்ந்தது உண்மை என்று அது ஏற்றுக்கொண்டு, ஜூலை 28 ஐ நினைவுநாளாக அறிவித்தது. நட்டஈடு எதுவும் இல்லை. நாடு கடத்தல் தொடங்கி 248 வருடங்களின் பின் கிடைத்தது அவ்வளவே. ஆயினும் பெயர்களை எழுதி வைத்திராவிட்டால் அதுவும் கிடைத்திருக்குமா?

பின்னேரம் கணவரின் பங்கு. அருகில் உள்ள மார்ட்டின் ஏரி. நீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், நரைத்த தாடிபோல் தொங்கும் பாசி, கொக்குகள், முதலைகள். படகில் போகலாம்.

மூன்றாம் நாள்: யூனிஸ்

சனிக்கிழமை லாபயெட்டில் இருந்து 65 கிலோமீற்றர் அளவில் உள்ள யூனிஸ் ஊருக்குப் போய், அப்படியே ஹூஸ்டன் திரும்புவோம். மார்க் சவோய் என்ற அக்கோடியன் செய்யும் கலைஞரின் கடையில் சனிக்கிழமை காலைகளில் உள்ளூர் இசைக்காரர் கூடி வாசிப்பது பல வருட வழக்கம். போகுமுன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

அவர்கள் பாடுவது பிரெஞ்சு மொழியில். 1921 ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு பாடசாலைகளில் ஆங்கிலமே கற்பித்தல் மொழி என்றது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அடிபட்ட பிள்ளைகள் பெற்றோரானபோது தம் பிள்ளைகளுடன் அம்மொழியில் பேசத் தயங்கினார்கள். 1968 இல்தான் மொழியை மீட்க அரச நிறுவனம் ஒன்று அமைந்தது. வீட்டில் ஒரு தலைமுறை மௌனமானால் மொழி எவ்வளவு விரைவில் போய்விடும் என்பதற்கு இது சாட்சி.

வழியெங்கும் நெல்வயல்கள். அறுவடையின் பின் அதே வயலில் நீர் கட்டி நன்னீர்ச் சிங்கி இறால் வளர்க்கின்றார்கள். மார்ச் அதன் பருவம் என்பதால்தான் அம்மாதத்தைத் தெரிந்தோம். வெயிலும் அதிகமில்லை, ஜூனில் தொடங்கும் சூறாவளிக் காலத்துக்கும் முந்தியது. அக்கேடியரைப் பிரிய மனமில்லாமல் கடற்சிங்கிகளே பின்தொடர்ந்து வந்தனவாம். வந்த களைப்பில் சிறுத்துப் போயினவாம். அப்படியொரு கதை அங்கு உண்டு.

அவர்களின் பிரதான உணவு ‘கம்போ’. மாவை எண்ணெயில் கபில நிறம் வரும்வரை கிண்டி, வெங்காயம் முதலியன போட்டு, இறாலும் நண்டும் சேர்த்துக் காய்ச்சிச் சோற்றுடன் உண்கின்றார்கள். தடிப்பாக்குவதற்கு வெண்டிக்காய் அல்லது சாசஃப்ராஸ் என்ற மரத்தின் இலைத்தூள் சேர்ப்பார்கள். ஒடியல்மா போட்டுக் கூழ் காய்ச்சும் எங்களுக்கு இது விளங்காத சமையல் அல்ல.

அந்த ஒரு சட்டியிலேயே பலரின் வரலாறு இருக்கின்றது. கம்போ என்ற சொல் மேற்கு ஆபிரிக்க மொழிகளில் வெண்டிக்காயைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. அதைக் கொண்டு வந்தவர்கள் அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்கள். இலைத்தூள் சொக்டோ என்ற பூர்வீகக் குடியினரின் அறிவு. பயூ டெஷ் கரையோ சிற்றிமாச்சா என்ற பூர்வீகக் குடியினரின் மண். அவர்கள் இன்றும் அங்கு வாழ்கின்றார்கள். அக்கேடியர் சிலர் பின்னாளில் அடிமைகளை வைத்திருந்ததும் வரலாறே. துரத்தப்பட்டவர்களின் புதிய ஊர் இன்னொருவரின் பழைய ஊராக இருக்கலாம் என்பதை மறக்கலாகாது.

வாசக சகோதரிகளே, இவ்வளவு தூரம் எல்லோராலும் போக முடியாது. ஆனால் கேஜன் பெண்கள் செய்ததை எமது வீட்டிலேயே செய்யலாம். ஒரு கொப்பியை எடுங்கள். விட்டுவந்த ஊர், உறவுகளின் முழுப்பெயர், பிரிந்த திகதி, அம்மா காய்ச்சிய கூழின் பக்குவம், அம்மம்மா பாடிய தாலாட்டு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுங்கள். எழுதி முடித்த பின், கிட்டடியில் உள்ள ஒரு குளக்கரைக்காவது நீங்கள் விரும்பிய நாளில், விரும்பியவருடன், உங்களுக்காக மட்டும் ஒருமுறை போய் வாருங்கள்.