புளியமரத்தடி அம்பாசிடர்

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்? ரொம்பத் தேடாதீங்க பாஸ், கிடையவே கிடையாது! காற்றை அமுக்குற அமுக்குல வர்ற சூட்டுலேயே டீசல் பத்திக்கும். செமஸ்டர்ல இரண்டு மார்க் விஷயம். எனக்கு அது மண்டையில ஏறினது என்னவோ பெரியப்பாவோட அம்பாசிடரைக் கழட்டினப்பதான்.

1489 சி.சி. டீசல் வண்டி. எங்க ஊர்ல பாதிப் பேரு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனது அதுலதான். 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். தேதி நெருங்குது, வண்டி நகர மாட்டேங்குது. டீசல்ல தண்ணி கலந்து இன்ஜெக்‌ஷன் பம்ப் இறுகிப் போச்சு. ‘எடைக்குப் போடுங்கப்பா’ன்னு அண்ணன்கள் ஒரே பாட்டு. பெரியப்பா பதிலே பேசலை. அவர் பேசலைன்னா எங்க வீட்ல எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும்!

உத்தர்பாராவுல 2014-லேயே அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திட்டாங்க. பழைய வண்டியிலதான் பழைய பார்ட்ஸ் தேடணும். பக்கத்து ஊர்த் தோட்டத்துல, புளியமரத்தடியில ஒண்ணு கிடந்துச்சு. கதவைத் திறந்தா கீழே தரை தெரியுது. அவ்வளவு துரு. எனக்கு நம்பிக்கையே போச்சு. மெக்கானிக் அண்ணன் மட்டும் சிரிச்சார். “வெளியே துருப்பிடிச்சா என்னடா? பம்ப் உள்ளே டீசல் நின்னிருந்தா அதுல துரு ஏறாது.” முன்னாடி ஹேண்டிலை மாட்டிச் சுத்தினார். இன்ஜின் முனகிக்கிட்டே சுத்துச்சு!

வண்டிக்காரர் வயசான டிரைவர். பேரமே பேசலை. “பம்பு, நாசில், செல்ஃப் மோட்டார் எல்லாம் எடுத்துக்குங்க தம்பி. ஸ்டீயரிங்கை மட்டும் விட்டுடுங்க”ன்னார்.

நட்டு ஒண்ணொண்ணுக்கும் மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி பூரா ஊற வெச்சோம். அப்படியும் வராததை கேஸ்ல சூடு காட்டினோம். நாசில் நாலையும் பம்ப் கடைக்குக் கொண்டு போனா, மூணு பனி மாதிரி பீய்ச்சுது, ஒண்ணு ஒழுகுது. அந்தப் பீய்ச்சல்கிட்ட மட்டும் விரலைக் கொண்டு போகாதீங்க மக்களே, தோலைத் துளைச்சிடும். நல்ல மூணோட எங்க வண்டி நாசில் ஒண்ணைச் சேர்த்தோம். பிரேக் ரப்பரை மட்டும் தொடலை. அதுல சிக்கனம் பார்க்கவே கூடாது, கடையில புதுசுதான் வாங்கினோம்.

பம்பை மாட்டி டைமிங் வெச்சாச்சு. அடுத்து ஏர் எடுக்குற வேலை. ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடிச்சா நுரை நுரையா வருது. குமிழி நின்னு சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கணும். எனக்குக் கட்டைவிரல் வீங்கிப் போச்சு. அப்புறம் நாசில் பைப் நட்டுகளையும் தளர்த்தி, செல்ஃப் அடிச்சு, அதுலேயும் காத்து போச்சு.

ஹீட்டரைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்து சாவியைத் திருப்பினார் பெரியப்பா. வெள்ளைப் புகை. ஒரு சிலிண்டர் இருமுது, அப்புறம் ரெண்டு... திடீர்னு ‘தட தட தட’ன்னு கொட்டகையே அதிர்ந்துச்சு. மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுது, பெரியம்மா மாட்டுக்குப் பின்னாடி ஓடுறாங்க. பெரியப்பா எதையும் கவனிக்கலை. ஆக்ஸிலேட்டர்ல கால் வெச்சுக்கிட்டே, “தம்பி, அந்த டிரைவரைப் போய்க் கூட்டிட்டு வா, சத்தத்தை அவரும் கேக்கட்டும்”ன்னார்.

அவர் வந்தார். கையில அந்த ஸ்டீயரிங் இருந்துச்சு.