வரம் வேறு, வர்ணம் வேறு

எங்கள் சபையில் பிரசங்கம் வரம், கீபோர்டு வரம். காலனியிலிருந்து வருகிற நாங்கள் பாய் விரிப்பதும் கல்லறைக் குழி வெட்டுவதும் மட்டும் ‘ஊழியம்’. கேட்டால், ஆளுக்கொரு வரம் என்று 1 கொரிந்தியர் 12-ஐக் காட்டுகிறார்கள். அதே அதிகாரத்தில், பலவீனமாகத் தெரியும் உறுப்புகள்தான் மிகவும் தேவை என்கிறார் பவுல். அதை யாரும் வாசிப்பதில்லை. பிறப்பைப் பார்த்துப் பங்கிட்டால் அது வரமல்ல, வர்ணம்.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, கிராமிய மெட்டுகளில் ஆராதனைப் பாடல்கள் செய்தார். எங்கள் பறையும் பாட்டிமாரின் ஒப்பாரியும் வரங்களே. சாவு வீட்டோடு நின்றுவிட வேண்டியவை அல்ல.

தோழர்களே, உங்கள் சபையில் இதைக் கேளுங்கள்: பீடத்தில் நிற்பவரும் துடைப்பம் பிடிப்பவரும் ஒரு ஞாயிறாவது இடம் மாறுவார்களா?