வேப்பம்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் காலை ரயிலேறினோம். எதிர்வீட்டு அம்மாளின் மகன் ஐ.டி.ஐ. முடித்தவன், மூன்று கட்டத் தேர்வு தாண்டி, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயிற்சிக்குச் சேரப் போகிறான். இரண்டு வருஷம், உதவித்தொகையும் உண்டு. துணைக்கு நானும் கிளம்பினேன்.

சென்ட்ரல், பார்க், செங்கற்பட்டு, பிறகு பஸ். திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்ததும் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அணுவாமே! பயமாயிருக்கு, அக்கா."

"சட்டையிலே பாட்ஜ் குத்திக்கணும்மா. எவ்வளவு கதிர்வீச்சு பட்டதுன்னு அது கணக்குச் சொல்லிடும்" என்றான் பையன்.

1983-ல் முதல் மின்சாரம் கொடுத்த நிலையம் அது. வாசலோடு நாங்கள் நின்றுவிட்டோம். அவன் மட்டும் உள்ளே போனான்.

இரவு வீடு திரும்பி விளக்கைப் போட்ட அம்மாள், "இனிமேல் வீணா எரிய விடமாட்டேன், அக்கா!" என்றாள்.