நேப்பிள்ஸின் மதியப் பீட்சா

நேப்பிள்ஸில் செசாரே செர்சாலே தெருவில் இருக்கும் தா மிக்கேலே, ஒரு குடும்பம் 1870-இல் தொடங்கிய பீட்சா கடை. இப்போதைய இடத்துக்கு வந்தது 1930-இல். பளிங்கு மேசைகள், நெருக்கமான இருக்கைகள், வாசலில் எண் சீட்டுடன் காத்திருப்போர். நெடுங்காலம் இங்கே இரண்டே வகைதான்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ சேர்ந்த மரினாரா, பாலாடைக்கட்டியும் பேசில் இலையும் சேர்ந்த மார்கரிட்டா. அவையே போதும்.

கடைக்கு உயிர் அடுப்புதான். விறகு எரியும் குவிமாட அடுப்பில் வெப்பம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பீட்சா இரண்டு நிமிடத்துக்குள் வெந்துவிடும். அந்த வேகத்தால்தான் ஓரம் உப்பிக் கரும்புள்ளிகள் விழுகின்றன, நடுப்பகுதி ஈரம் வற்றாமல் மெத்தென்று இருக்கிறது. நேப்பிள்ஸின் இந்தக் கைவினையை யுனெஸ்கோ 2017-இல் பண்பாட்டு மரபாக ஏற்றது; மிகப் பொருத்தம். தட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் பீட்சாவைச் சூடு ஆறுமுன் சாப்பிட வேண்டும். ஆறினால் மாவு இறுகிவிடும்.