மூன்றாவது கம்பி

மூன்று முள் பிளக் ஒன்றைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்ததுண்டா? பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டார்கள். சுவரில் செருகுகிற வஸ்துவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் பார்த்தால் ஒன்று புலப்படும். இரண்டு முள் ஒரே அளவு. தனியாக மேலே நிற்கிற மூன்றாவது முள் மட்டும் சற்றுப் பருமன், சற்று நீளம். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. செருகும்போது அதுதான் முதலில் உள்ளே போய்ப் பூமியோடு கை கோத்துக்கொள்கிறது. பிடுங்கும்போது கடைசியில்தான் கையை விடுகிறது. மற்ற இரண்டும் மின்சாரத்தைக் கொண்டு வந்து கொண்டு போகிற வேலைக்காரர்கள். இது காவல்காரன். நல்ல வீட்டில் காவல்காரனுக்கு வருஷக் கணக்கில் வேலையே இராது. அதனால்தான் அவனுக்குச் சம்பளம் தண்டம் என்று பலருக்குத் தோன்றிவிடுகிறது.

இப்படிப்பட்ட காவல்காரனை எங்கள் வீட்டில் ஒருவர் ஐந்து நிமிஷத்தில் வேலையிலிருந்து நீக்கிவிட்டுப் போனார். அந்தச் சமாசாரத்துக்கு வருமுன் எங்கள் வீட்டுக்கு ஆம்ப்ளிபயர் வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. சிறு பெண்ணாக இருந்தபோது ஒரு கல்யாணப் பந்தலில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்டவள். அவர் 1964-இல் காலமாகிவிட்டார். அம்மாவைப் பொறுத்தவரை அந்தப் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும் அது எப்படியோ சுற்றி அங்கே வந்து சேரும். நாலைந்து வருஷமாகக் காது மந்தமாகிவிட்டது. காதில் வைத்துக்கொள்ளும் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். பேச்சைத் தெளிவாக்குவதற்கென்றே செய்த கருவி அது. பேச்சுக்கு நன்றாகவே உதவியது. சங்கீதத்துக்கு?

"தகரத்தைத் தரையில போட்டு இழுக்குத மாதிரி இருக்குய்யா" என்று கழற்றி வைத்துவிட்டாள்.

வெறுங்காதுக்குக் கேட்கவேண்டும் என்று டெலிவிஷனை அலறவிட்டாள். அதன் முதுகில் இருக்கும் தீப்பெட்டி ஸ்பீக்கர்களும் சக்திக்கு மீறி அலறின. அலறுவது வேறு, ஒலிப்பது வேறு. கடைசியில், வெளிதேசம் போகிற நண்பர் ஒருவர் தம்முடைய பவர் ஆம்ப்ளிபயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் எனக்கு மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஆம்ப்ளிபயர் மட்டும் பதினாலு கிலோ. தூக்கி வந்தவனுக்கு ஆட்டுக்கல் ஞாபகம் வந்தது.

பக்கத்துக்கு 50 வாட் என்று கேட்டதும் எதிர் வீட்டு நண்பர் உதட்டைப் பிதுக்கினார். அவருடைய காரிலேயே அதற்கு மேல் இருக்கிறதாம். இந்த வாட் கணக்கில் ஜனங்களுக்கு இருக்கும் மயக்கம் நகைக் கடையில்கூடக் கிடையாது. வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ் எஞ்சினீயர் 1947-இல் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் ஒரு வால்வு ஆம்ப்ளிபயரைச் செய்யும் முறையை வெளியிட்டார். அதைப் பார்த்து வீட்டிலேயே செய்துகொண்டவர்கள் உலகெங்கும் ஏராளம். அதன் சக்தி 15 வாட்தான். வாட் இரட்டிப்பானால் ஒலி மூன்று டெசிபெல் ஏறும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்கிற அளவுக்குத்தான் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கேட்கும் நேரங்களில் ஒரு வாட், இரண்டு வாட்தான் செலவாகும்; மற்றதெல்லாம் தவில் திடீரென்று இறங்குகிற சமயத்துக்குக் கையிருப்பு. அந்தக் கையிருப்பு தீர்ந்து போனால் அலையின் சிகரங்கள் கலசத்தை வெட்டிய கோபுரம்போல் மொட்டையாகும். கேட்க நாராசம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயிக்கென்று இருக்கும் சிறிய கூம்பு அதில்தான் கருகிப் போகும். கைவசம் நிறைய வைத்துக்கொண்டு குறைவாகச் செலவழிக்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இணைப்பு வேலையை நானே செய்தேன். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை, நிதானம்தான் தேவை. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டால் எதுவும் எரிந்துவிடாது. ஆனால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போய்விடும். எரிப்பது வேறொன்று. ஒயரின் தலையை முறுக்கும்போது தலைமயிர் போன்ற ஒரே ஒரு செம்பு இழை பிசகி அடுத்த முனையைத் தொட்டால் போதும், ஆம்ப்ளிபயரின் கடைசிப் படியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் ஒரு நொடியில் பரலோகம் சேர்ந்துவிடும். ஆகையால் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்காமல் அந்த முனைகளில் கை வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கண்டென்ஸர்கள் மின்சாரத்தை மூட்டை கட்டி வைத்திருக்கும்.

எல்லாம் முடிந்தது. ஸ்விட்சைப் போட்டேன். 'ங்ங்ங்' என்று அடித் தொண்டையில் ஓர் இரைச்சல்.

நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடுகிறது. அந்த ஐம்பதும் அதன் இரட்டிப்பான நூறும் கலந்து வந்த இரைச்சல் அது. கட்டைக் கணக்கில் நூறு என்பது கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் நிற்கும். நாகஸ்வரமோ வேறு சுருதி. அம்மாவுக்குக் காது மந்தமாயிற்றே, இது எப்படிக் கேட்டது என்றால், வயோதிகத்தில் முதலில் விடைபெறுவது மேல் ஸ்தாயி. கீழே இருப்பது நெடுநாள் நிற்கும். அவளுக்கு இரைச்சல்தான் எங்களைவிட நன்றாகக் கேட்டது!

"ரெண்டு சுருதி கேக்கு. எனக்கு வேண்டாம், நிறுத்துய்யா."

இந்த நிலையில் நான் ஒரு வேலையாக மதுரைக்குப் போகவேண்டி வந்தது. யாரோ சொல்லி ஒரு மெக்கானிக் வந்திருக்கிறார். பிளக்கைத் திறந்தார், ஏதோ செய்தார், மூடினார். இரைச்சல் மாயமாக மறைந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது வீடே சந்தோஷத்தில் இருந்தது. அந்த மெக்கானிக்கை என் மனைவி தன்வந்திரி அளவுக்குப் புகழ்ந்தாள். அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தாழ்ந்த முக்காலியில் ஆம்ப்ளிபயர். அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, எதிர்ச் சுவர் ஓரத்து ஸ்பீக்கர்களிலிருந்து தோடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சாயந்தரம், விளக்குத் தேய்த்த ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தவள், "இந்தப் பெட்டியைத் தொட்டா எறும்பு ஊருத மாதிரி இருக்குய்யா" என்றாள், சாதாரணமாக.

டெஸ்டரைப் பெட்டியின் இரும்பில் வைத்தேன். உள்ளே சிவப்பாக ஒளி. பிளக்கைப் பிடுங்கித் திறந்து பார்த்தேன். பச்சையும் மஞ்சளும் கோடு போட்ட ஒயரைக் கத்தரித்து, மடித்து, டேப் சுற்றி வைத்திருந்தது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

எறும்பினால் மட்டும் ஆபத்தில்லை. டிரான்ஸ்பார்மர் வழியாக எப்போதும் கசிகிற அற்ப மின்சாரம் அது. பூமிக் கம்பி இருந்தால் சத்தமில்லாமல் அதன் வழியே இறங்கிவிடும். ஆனால் என்றைக்காவது உள்ளே ஓர் ஒயரின் தோல் உரிந்து பெட்டியைத் தொட்டால்? கம்பி இருந்தால் பெருவெள்ளமாக மின்சாரம் அதில் பாய்ந்து பியூஸ் எரிந்துவிடும், அவ்வளவுதான். கம்பி இல்லாவிட்டால் பியூஸுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டி முழுவதும் 230 வோல்ட்டோடு, யார் வந்து தொடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியின்மேல்தான் அம்மா தினமும் இரண்டு மணி நேரம் கை ஊன்றியிருந்தாள்.

கம்பியை உடனே சேர்த்தேன். இரைச்சலும் உடனே வந்தது. அம்மாவுக்குக் கோபம்.

"எறும்புதானே ஊருது? கடிக்கவா செய்யுது? இந்த இரைச்சலோட கேக்கதுக்கு நான் சும்மாவே இருந்திருவேன்" என்றாள். சொன்னபடி சும்மாவே இருந்தாள். இரண்டு நாள் அந்த நாற்காலியில் அவள் உட்காரவில்லை. அந்த இரண்டு நாளும் பிளக்கைத் திறந்து கம்பியை மறுபடி கழற்றி விடலாமா என்கிற யோசனை ஒரு கணமாவது எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்.

பிறகு ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து ரிச்சி தெருவோடு பழக்கம் உள்ளவர். வந்ததும் அவர் எதையும் திறக்கவில்லை. காப்பி சாப்பிட்டார். ஆம்ப்ளிபயருக்கு வருகிற ஒயர்களையெல்லாம் உருவச் சொன்னார். இரைச்சல் நின்றது.

"பெட்டி பேரிலே குத்தம் இல்லை, சார்" என்றார்.

ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னார். டெலிவிஷன் பெட்டியிலிருந்து வரும் ஒயரைச் செருகினதும் 'ங்ங்ங்'. அந்தப் பெட்டியின் முதுகில் மாட்டியிருந்த கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றினார். நிசப்தம்.

"உங்க சுவரு ஒரு பூமியைக் கொண்டு வருது. தெருவிலேருந்து கேபிள்காரன் ஒயரு இன்னொரு பூமியைக் கொண்டு வருது. ரெண்டு பூமியும் ஒண்ணு இல்லே, சார். நடுவிலே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அது பாட்டு வர்ற ஒயரு வழியா ஓடுது. பாவம், ஆம்ப்ளிபயருக்கு என்ன தெரியும்? அதுவும் சங்கீதம்னு நெனைச்சுப் பெரிசாக்கிக் குடுக்குது."

கேபிள் ஒயரின் நடுவே சுண்டுவிரல் அளவில் ஒரு ஐசொலேட்டரை மாட்டினார். எல்லாப் பிளக்குகளையும் ஒரே பலகைக்கு மாற்றினார். பூமிக் கம்பி அதன் இடத்தில் இருந்தது, இரைச்சல் இல்லை. பிறகு பின்கட்டுக்குப் போய், சுவர் ஓரத்தில் உப்பும் கரியும் போட்டுக் குழாய் இறக்கியிருந்த எர்த் குழியைப் பார்த்தார். எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

"அம்மா, கோடையிலே செடிக்கு ஊத்தறப்ப இதுக்கும் ஒரு குடம் ஊத்துங்க" என்றார். அம்மா அதைத் தனக்கு இட்ட உத்தியோகமாக ஏற்றுக்கொண்டுவிட்டாள். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழுகிற ஸ்விட்ச் ஒன்றும் அன்றே ஏறியது. மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துவது என் பொறுப்பு.

போகும்போது பெரியவர் சில கட்டளைகள் இட்டார். பியூஸ் போனால் அதே அளவுதான் போடவேண்டும். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுகிற வித்தை வேண்டாம். இடி மழையில் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கவேண்டும். ஆம்ப்ளிபயரின் தலைமேல் என் மனைவி விரித்திருந்த பூ வேலைத் துணியையும் அதன்மேல் வீற்றிருந்த பிள்ளையாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "இவருக்கு வேற இடம் பாருங்க, உஷ்ணம் மேலே போகணும்" என்றார். பவர் ஆம்ப்ளிபயரைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்கவேண்டும் என்றார். இல்லாவிட்டால் மற்றப் பெட்டிகள் விழிக்கும்போதும் உறங்கும்போதும் போடும் உதையெல்லாம் 'டம்' என்று ஸ்பீக்கரில் விழும்.

"சம்பந்தி மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. "எல்லாரும் வந்தப்புறம் வருவாரு, எல்லாருக்கும் முன்னாடி எந்திருச்சுப் போவாரு."

ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. ஹாலின் மறு மூலையில் என் மகள் படிக்கிற மேஜை. ஆச்சியின் தோடி தன் கணக்குப் பாடத்தில் புகுகிறது என்று முறையிட்டாள். டெலிபோனில் உள்ள மீட்டரை மேஜையில் வைத்துப் பார்த்தேன், 84 டெசிபெல். குழந்தைகளின் காதுக்கு 75 டெசிபெல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 84-க்கு ஐந்து மணி நேரம். ஆச்சி கேட்பதோ வாரத்துக்குப் பதினாலு. ஒரு காது மங்கியதற்காக இன்னொரு காதைக் கெடுக்கலாமா?

ஒலியைக் கூட்டுவதற்கு வாட்டைத் தவிர இன்னொரு வழி, கிட்டப் போவது. எதிர்ச் சுவரில் இருந்த ஸ்பீக்கர்களை அம்மாவின் நாற்காலிக்கு ஒரு கஜ தூரத்தில், அவளைப் பார்த்தாற்போல் வைத்தோம். குமிழைப் பாதிக்குக் கீழே திருப்பினேன். அவள் காதுக்கு முன்போலவே இருந்தது, மேஜையில் 77. பதினாலு மணி நேரத்தை அது தாங்கும்.

ஒயரும் குட்டையாயிற்று. மகள் இப்போது கணக்கை முடித்துவிட்டு ஆச்சியின் காலடியில் வந்து உட்காருகிறாள். தோடியா கல்யாணியா என்று அவளுக்குத் தெரியாது. ஆச்சி சொல்லிக் கொடுக்கிறாள், கொஞ்சம் உரக்கவே. முடிந்ததும் எழுந்து, "முதல்ல சம்பந்தியை அனுப்பு, மத்தவங்க அப்புறம்" என்கிறாள். மகள் ஸ்விட்சை அணைக்கிறாள்.