விரித்துப் பார்த்த பெட்டி

தமிழகத்தில் கணிதக் கல்வி பற்றிப் பேசுவோர் அதிகம் நினைவுகூராத பெயர் டி. சுந்தர ராவ். கவராயத்தையும் அளவுகோலையும் ஒதுக்கிவிட்டு, காகிதத்தை மடித்தே வடிவியல் கற்கலாம் என்று காட்டும் அவரது ஆங்கில நூல் 1893இல் சென்னையில் வெளிவந்தது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் தம் நூலொன்றில் அதைக் குறிப்பிட்டார். 1901இல் அது சிகாகோவில் மறுபதிப்புக் கண்டது. சுந்தர ராவுக்குத் தூண்டுகோலாக இருந்தது ஃப்ரோபெலின் மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் விளையாடிய காகித மடிப்புதான்.

ஓசூருக்கு அருகே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில், நமது கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன் ஒரு வாரம் தங்கியிருந்தபோது சுந்தர ராவை அடிக்கடி எண்ணிக்கொண்டோம். நாம் தமிழ் கற்பிப்பவர்கள். கணிதம் நம் துறையன்று. ஆனால் ஐந்தாம் வகுப்புக்குத் திண்ம உருவங்களை நடத்தும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

கரும்பலகையில் கனச்சதுரத்தை வரைந்தால் அதன் ஆறு முகங்களில் மூன்றுதான் தெரியும். மீதி மூன்றையும் குழந்தை நம்பிக்கையின்பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிறது. அதனால் பற்பசைப் பெட்டி, மருந்துப் பெட்டி, இனிப்புப் பெட்டி என்று வீடுகளிலிருந்து கொண்டுவரச் சொல்லி, ஒட்டிய இடங்களைப் பிரித்து விரித்தோம். இப்படி விரிந்து கிடக்கும் தட்டையான உருவையே பாடநூல் ‘வலை’ என்கிறது. 1525இலேயே ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் திண்மங்களை இவ்வாறு விரித்து வரைந்து அச்சிட்டிருக்கிறார். குவிந்த பன்முகத் திண்மம் எதுவாயினும், விளிம்புகளை மட்டும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விரித்துவிட முடியுமா என்ற வினாவுக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்குப் பின்னால் இப்படியொரு தீராத வினா நிற்பது நமக்கு வியப்பளித்தது.

ஆறு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் பொருந்த 35 விதமாக அடுக்கலாம். அவற்றுள் கனச்சதுரமாக மடிபவை 11 மட்டுமே. ஐந்து சதுரங்களை ஒரே வரிசையில் வைத்தால் ஐந்தாவது முதலாவதன்மேல் ஏறிக்கொள்ளும், பெட்டி மூடாது. குழந்தைகள் இதைச் சூத்திரமாக அன்றி, கையில் உதைத்த அட்டையிலிருந்து அறிந்தார்கள். கனச்சதுரத்துக்கு விளிம்புகள் 12. எந்த வலையை எடுத்தாலும் அவற்றில் 5 மடிப்பாக நிற்கும். மீதி 7 ஒட்ட வேண்டியவை. உருளையான டப்பாவின் மேல்தாளைக் கழற்றினால் செவ்வகம் வந்தது. கோளம் மட்டும் பணியவில்லை. கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல உலக உருண்டை தேவைப்படவில்லை. மாம்பழத் தோலை உரித்து மேசைமேல் அழுத்தினால் கிழியும் என்பது அவர்கள் அறிந்ததே.

அவ்வகுப்பில் ஒரு சிறுமி. வீட்டில் தெலுங்கு. தமிழ்ப் பாடவேளையில் வாய் திறப்பதில்லை என்றும், பயிற்சித்தாளை வெறுமையாகத் தருகிறாள் என்றும், மெதுவாகக் கற்போர் வரிசையில் அவளைச் சேர்த்திருப்பதாகவும் ஆசிரியை வருத்தத்தோடு சொன்னார். அவள் தந்தை அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். மற்ற பிள்ளைகள் வெட்டி, மடித்து, தோற்று, மீண்டும் வெட்டிக்கொண்டிருக்க, அவள் தாளைத் தொடாமல் சிறிது நேரம் பார்த்துவிட்டு எந்த வலை மூடும், எது மூடாது என்று விரலால் பிரித்துக் காட்டினாள். ஒட்டுவதற்கு எங்கெங்கே நாக்கு விட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“இது என்னம்மா?” என்று பெட்டியின் முனையைத் தொட்டுக் கேட்டோம்.

“மூல, சார்” என்றாள்.

பயிற்சித்தாள் எதிர்பார்க்கும் விடை ‘முனை’. அவள் சொன்னது எழுதப்பட்டிருந்தால் தவறென்றே திருத்தப்பட்டிருக்கும். ஆனால் தெலுங்கின் ‘மூல’வும் கன்னடத்தின் ‘மூலெ’யும் நம் ‘மூலை’யின் உடன்பிறப்புகள். ‘முனை’க்கும் தெலுங்கில் ‘மொன’, கன்னடத்தில் ‘மொனெ’ உண்டு. மூன்று மொழிக் குழந்தைகள் ஒரே பலகையில் அமரும் இந்த எல்லைப்புறத்தில், ஆசிரியர் இதை அறிந்திருந்தால் ஒரு குழந்தைக்கு வழி திறக்கும். ஆசிரியையிடம் சொன்னோம். அவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ‘முனை’க்குக் கீழே ‘மூல’, ‘மூலெ’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதிச் சேர்த்தார். மறுநாள் அவள் தாளில் மூன்று விடைகள் இருந்தன. ஒன்றில் எழுத்துப்பிழை, மூன்றும் சரி.

இதனால் தமிழ் கற்பிப்பதைத் தளர்த்த வேண்டும் என்று பொருளல்ல. 2006ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அதன் நோக்கத்தில் நமக்கு உடன்பாடே. அவள் ‘முனை’ என்று சொல்லவும் எழுதவும் கற்றே ஆக வேண்டும். ஆனால் சொல் தெரியாமையும் பொருள் தெரியாமையும் வேறுவேறு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் கைகளுக்கு வேலை கொடுத்தன. அந்தக் கைகள் அறிந்ததை மதிப்பிடும் தாள் மட்டும் இன்னும் சொல்லையே கேட்கிறது.

மெதுவாகக் கற்போர் வரிசையிலிருந்து அவள் பெயரை எடுக்க அடுத்த மதிப்பீடுவரை காத்திருக்க வேண்டும் என்றார் ஆசிரியை. அதுவரை, அட்டை வேலை நடக்கும் நாட்களில் மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது அவள் பொறுப்பு என்று முடிவாயிற்று.